அரை மூச்சு பிந்தி

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டேதான் சலோமி பாயில் உட்கார்ந்தாள். சிம்மில் வைத்தது ஞாபகம் இருக்கிறது, அணைத்தது ஞாபகத்தில் இல்லை. உபவாச ஜெபம் முடிந்ததும் சகோதரிகளுக்குக் கொடுக்க வேண்டிய கஞ்சி அது. பூண்டும் வெந்தயமும் போட்டு வேகவிட்டிருக்கிறாள், தேங்காய்ப்பால் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். எழுந்து போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பாஸ்டரம்மா கண்ணை மூடிப் பாட்டைத் தொடங்கிவிட்டார், எல்லாரும் கைதட்டுகிறார்கள், இந்த நேரத்தில் வீட்டுக்காரி எழுந்தால் கஞ்சிக்காக எழுந்தாள் என்று தெரியாமலா போகும். வெள்ளிக்கிழமை ஜெபம் வீடு மாறி மாறி வரும். இந்த வாரம் சலோமி வீடு. சோபாவைப் பின்னறைக்குத் தள்ளி, ஹாலில் இரண்டு பாயும் ஒரு ஜமுக்காளமும் விரித்திருந்தாள். ஜமுக்காளத்தில் சின்னவள் கெத்சியா போன மாதம் பால் கொட்டிய கறை. அதன்மேல் பாஸ்டரம்மா உட்கார்ந்துவிட்டதால் இனி யாரும் பார்க்கப் போவதில்லை, அந்த மட்டுக்கும் ஸ்தோத்திரம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில், மூத்தவள் யெமிமா சம்மணம் போட்டு, மடியில் வேதத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. தலையில் வெள்ளை லேஸ் துணி. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, சாட்சி முடிந்தால் அவள்தான் வசனம் வாசிக்க வேண்டும். எந்த வீட்டில் ஜெபம் நடந்தாலும் அவள்தான் வாசிப்பாள், அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யூகேஜியோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை, வீட்டிலேயே தாய் சொல்லிக்கொடுத்த பிள்ளை, இப்படித் தடங்கல் இல்லாமல் வேதம் வாசிக்கிறதே என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது என்பது இன்று காலைதான் சலோமிக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. கைதட்டு, கைதட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய கை தாளத்தில்தான் இருந்தது.

காலையில் அவள் வெந்தயம் கழுவிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலுக்கு நேரே யெமிமாவின் படிப்பு மேஜை. அப்படிப் போட்டால்தான் ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் பாடத்திலும் வைக்க முடியும். நேற்று சாயங்காலமே பாஸ்டரம்மா போனில் பகுதியைச் சொல்லிவிட்டார், சின்ன சங்கீதம்தான், இரவு குடும்ப ஜெபத்திலும் காலை ஜெபத்திலும் அதையே வாசித்தாயிற்று. இன்னொரு தடவை வாசி மக்கா, அம்மா இங்க இருந்தே கேட்கேன் என்றாள். யெமிமா வாசித்தாள். விரல் வரியின் கீழே ஓடியது, குரல் எங்கெங்கே ஏறி எங்கெங்கே இறங்க வேண்டுமோ அப்படி ஏறி இறங்கியது. அப்போது கெத்சியா, மூன்று வயது, நாற்காலியில் தொற்றி ஏறி, பக்கத்தைப் பிடித்துக் கொத்தாகப் புரட்டினாள். சலோமி சத்தம் போட வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. ஏனென்றால் யெமிமா நிறுத்தவே இல்லை. யார் யாரைப் பெற்றான் என்று பெயர் பெயராக நீளுகிற ஒரு பக்கம் அது, அந்தப் பெயர்களின் கீழே விரல் ஓட ஓட, வாய் அதே சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போனது, அழகாக, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு. தங்கச்சியின் கையைத் தட்டிவிட்டாள், பக்கத்தைத் திருப்பி வைக்கவில்லை. எந்தப் பக்கமானால் என்ன. சலோமியின் கையிலிருந்து வெந்தயத் தண்ணீர் சொட்டியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து உப்பு பாக்கெட்டை எடுத்து வைத்து, இது என்ன போட்டிருக்கு என்றாள். யெமிமா பாக்கெட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். "ஏட்டி, என்னையப் பாக்காத, இதைப் பாரு." பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். "நீங்க முதல்ல சொல்லுங்கம்மா." "நான் சொன்னா பெறவு நீ எதுக்கு? நீ வாசி." அவள் சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள். "நீங்க வாயை அசைச்சாத்தானம்மா எனக்கு வரும்." ஒளிக்க வேண்டிய விஷயமாகவே அதை அவள் நினைக்கவில்லை. வாசிப்பது என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். வேறு பிள்ளைகளை அவள் எங்கே பார்த்தாள்.

அது எப்படித் தெரியாமல் போகும். பெற்றவளுக்கு, அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கிறவளுக்கு. சலோமி காலையிலிருந்து திரும்பத் திரும்ப அந்த இடத்தில்தான் போய் நிற்கிறாள். தான் வாசிப்பாள், பிள்ளை திருப்பிச் சொல்லும், விரல் வைத்துச் சொல்லும். அவளுடைய அம்மா அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள், ஞாயிறு பள்ளியில் அப்படித்தான், மனப்பாட வசனப் போட்டியில் பரிசாக வாங்கிய சோப்பு டப்பாவில் இப்போது பொத்தான்கள் கிடக்கின்றன. மனப்பாடம் பண்ணினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் நினைத்துக்கொண்டாள். சபை மூலமாக வந்த வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பனியில் சறுக்குகிற சிவந்த கன்னத்துப் பிள்ளைகள், களஞ்சியம், அணில் என்று படம் படமாக. கேள்வியைச் சலோமி வாசிப்பாள், பதிலை யெமிமா வாயால் சொல்வாள், சலோமி அதைச் சிலேட்டில் எழுதிப் போடுவாள், யெமிமா பார்த்து எழுதுவாள். என்ன அழகான கையெழுத்து. அச்சடித்ததுபோல இருக்கும். இப்போது தெரிகிறது, அவள் எழுதவில்லை, வரைந்தாள். அணிலை வரைவதுபோல அந்த எழுத்தையும் வரைந்தாள். அந்தப் பக்கங்களைத்தான் அவள் புருஷன் போனில் படம் எடுத்து சபைக் குழுவில் போட்டார், அதற்குக் கீழே எத்தனை கைகூப்பல்கள். அவருக்கு எப்படிச் சொல்வது. யெமி அப்பா, பிள்ளைக்கு வாசிக்கத் தெரியல. சொல்லிப் பார்த்தாள், மனதுக்குள். பாட்டின் இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. யெமி அப்பா, நான் ஒரு காரியம் சொல்லணும். ஞானத்துரை கோபப்படுகிற மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். முழங்கால்படியிடுவார். அவளையும் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். நம்ம விசுவாசம் குறைஞ்சிட்டு சலோமி என்பார். நம்ம என்பார். அவர் சொல்வது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கஞ்சி. அணைத்தோமா. மூடியைப் போட்டபோது கையில் கரித்துணி இருந்தது, கரித்துணியை எங்கே வைத்தாள்... யெமிமாவின் யூகேஜி டீச்சர் கையில்கூட எப்போதும் ஒரு துணி இருக்கும், பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க. ஒல்லியான பெண், பெயர் மறந்துவிட்டது. வாசலில் மற்ற தாய்மார் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. யெமிமா ரொம்பக் கெட்டிக்காரி, ரைம்ஸ் எல்லாம் முதல்ல அவதான் சொல்லுவா. ஆனா எழுத்து மட்டும் நிக்கல. இன்னிக்குச் சொன்னது நாளைக்கு இல்ல. தலைகீழாத் திருப்பிப் போடுதா. ஒரு டாக்டர்ட்ட காட்டிப் பாருங்க, இப்பமே பாத்தா நல்லது." இப்பமே. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர்ட்டயா? எம்பிள்ளைக்கு என்ன நோக்காடு?" அந்த வாரமே ஆண்டு விழாவுக்கு சினிமாப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவர் பேசிட்டாரு சலோமி, பிள்ளையை எகிப்து மாதிரி பாவ இடத்துல விட்டு வைக்கக் கூடாது. அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. டாக்டர் இல்லை, யாரும் பிள்ளையின் தலையில் விளக்கடித்துப் பார்க்க வேண்டாம், டான்ஸ்தான் காரணம். சபையில் அவர் சாட்சி சொன்னபோதும் டான்ஸைத்தான் சொன்னார், டீச்சரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. அவளும் மறந்தாள். மறந்தாள் என்றால், எப்போதாவது யெமிமா எழுத்தைத் திருப்பிப் போடும்போது அந்தத் துணி பிடித்த கை ஞாபகம் வரும், உடனே ஒரு வசனத்தைச் சொல்லிக்கொள்வாள், போய்விடும். இப்பமே என்று சொல்லி மூன்று வருஷம். இப்பமே என்பது எத்தனை நாள் கிடந்தால் கெட்டுப்போகும், மாவு மாதிரி.

பாட்டு முடிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்தார்கள். அந்த இரைச்சலில்தான் சலோமியால் நிம்மதியாக இருக்க முடியும், யாருக்கும் யாரும் கேட்காது. ஆண்டவரே என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, காலையில் எழுகிறேன், ஜெபம், சமையல், பாடம், துணி, பாடம், சின்னதின் மூத்திரம், சமையல், ஜெபம்; என்னைவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லை, சிநேகிதி இல்லை, தெரு இல்லை, எல்லாம் நான்தான், அந்த நான் இவ்வளவுதான். இதை ஜெபம் என்று சொல்ல முடியுமா. முறைப்பாடு. கண்ணைத் திறந்தாள். யெமிமாவும் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் இந்தப் பிள்ளை இப்படித்தான் பார்க்கும். என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா, அவ்வளவு பாசம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், இதோ ஜெபத்துக்கு வந்திருக்கிற மேபலிடமே சொல்லியிருக்கிறாள். சலோமி உதட்டை மூடிக்கொண்டாள். முகத்தை முக்காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் முகத்தில் ஒரு பதற்றம் ஓடியது, விளக்கு அணைந்த அறையில் சுவரைத் தேடுகிறவர்களின் முகத்தில் ஓடுமே, அதுபோல. சலோமி முக்காட்டைத் தளர்த்தினாள்.

சாட்சி நேரத்தில் மேபல்தான் முதலில் பேசினாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, காதில் கம்மல் கழற்றிய துளை இன்னும் தூரவில்லை. "என் சாட்சி என்னன்னா, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கான்லா, அஞ்சாங்கிளாஸ், பைபிளத் தொட்டா கை சுட்டுரும்ங்கான். கிரிக்கெட்ல எவன் எத்தனை ரன் எடுத்தான்னு கேளுங்க, மூச்சுவிடாமச் சொல்லுவான்." பெண்கள் சிரித்தார்கள். "அதுவும் ஒரு மனப்பாட வசனந்தான் மேபல்" என்று யாரோ சொல்ல, இன்னும் சிரிப்பு. மேபல் சிரிக்கவில்லை. "சிரிக்காதிய அக்கா. போன வாரம் எம்மூஞ்சிக்கு நேரே கெட்ட வார்த்த சொல்லிட்டான். ஸ்கூல்ல படிச்சது. ராத்திரில்லாம் அழுதேன். அப்பதான் நம்ம யெமிக்குட்டி ஞாபகம் வந்துச்சு. இன்னைக்கு ஒரு அடையாளம் தாங்க ஆண்டவரேன்னு கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்." பாஸ்டரம்மா தலையை ஆட்டினார். என்ன அடையாளம் என்று யாரும் கேட்கவில்லை. சலோமி தன் மடியிலிருந்த வேதத்தைத் திறந்து மூடினாள். இன்னைக்கு வேண்டாம், யெமிக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் காய்ச்சலுக்கு ஜெபிப்பார்கள், தலையில் எண்ணெய் வைப்பார்கள். பிள்ளை நமக்குக் காய்ச்சல் இல்லையே என்று சொல்லும். சொல்லாது, அம்மா வாயைப் பார்த்துச் சொல்லும். பரவாயில்லை, சின்ன சங்கீதம், அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு, இன்றைக்குக் கடந்துவிட்டால் நாளை அவரிடம் சொல்லிவிடலாம், திங்கட்கிழமை அந்த டீச்சரைத் தேடிப் போகலாம், பெயர் என்ன அவளுக்கு, பெயர் தெரியாமல் யாரென்று கேட்பது, திங்கட்கிழமை.

"வசனத்துக்குப் போவமா" என்றார் பாஸ்டரம்மா. "நேத்து சலோமிட்ட ஒரு பகுதி சொல்லியிருந்தேன். ஆனா காலைல ஜெபத்துல ஆவியானவர் வேற பகுதிய உணர்த்திட்டாரு. யெமி மக்கா, உனக்கு என்ன, எதைக் குடுத்தாலும் வாசிச்சிருவ." அவர் சொன்னது வனாந்தரத்தில் அலைந்தவர்களைப் பற்றிய நீளமான சங்கீதம். குடும்ப ஜெபத்தில் அதை வாசித்ததே இல்லை. தாள்கள் புரளும் சத்தம். சலோமி எட்டி, மகளின் மடியிலிருந்த வேதத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். எப்போதும் எடுத்துக் கொடுப்பாள், சிறுபிள்ளைதானே என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். யெமிமா விரலை முதல் வரியின் கீழ் வைத்தாள். தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். பயமே இல்லை அந்தக் கண்ணில். அம்மா இருக்கிறாள் அல்லவா. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மெல்லிசாக, பூண்டும் அரிசியும் அடியில் பிடிக்கத் தொடங்கும் வாசனை. அணைக்கவில்லை. எழுந்து போகலாம், இப்போது எழுந்து போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, கஞ்சி தீய்கிறது, போகத்தான் வேண்டும். போனால் எல்லாம் அதன்பாட்டுக்கு நடந்துவிடும். பிள்ளை விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கும், யாராவது வாசி மக்கா என்பார்கள், அது அழும், பாஸ்டரம்மாவுக்குப் புரியும், மேபலுக்குப் புரியும், அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது, போன் போகும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எழுந்திரு. கையைப் பாயில் ஊன்றினாள். யெமிமாவின் கண் அவள் கையோடு கூடவே அசைந்தது. அத்தனை பேர் நடுவில், வெள்ளைத் துணியும் போட்டு, தனியாக. சலோமி கையை எடுத்தாள். தன் மடியிலிருந்த வேதத்தைப் பார்த்து, முதல் வரியை முணுமுணுத்தாள். வாசிக்கும்போது கூடவே முணுமுணுப்பது எல்லாருக்கும் வழக்கம்தான், பாயில் பாதிப் பேர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், மேலே மின்விசிறி வேறு இரைந்துகொண்டிருந்தது. குனிந்து ஒரு வரி, நிமிர்ந்து ஒரு வரி. யெமிமாவின் குரல் எழுந்தது. தெளிவாக, அரை மூச்சு பிந்தி. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. தெரியாத பெயர் வந்த இடத்தில் சலோமிக்கே நாக்கு இடறியது, பிள்ளையும் அதே இடத்தில் அதேபோல் இடறி, அதேபோல் திருத்திக்கொண்டது. வாசனை கனத்து, புகையாகக் கண்ணை எரித்தது. யாரோ மூக்கை உறிஞ்சி, "ஏதோ அடிப்பிடிக்கே" என்று கிசுகிசுத்தாள். பாஸ்டரம்மா கண்ணைத் திறக்காமல் கையைக் காட்டினார். "பிடிச்சா பிடிக்கட்டும். பாரு, சலோமி எந்திரிச்சாளா? அவளுக்கு வசனந்தான் முக்கியம்."

வாசித்து முடிந்ததும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஹால் நிறைந்தது. மேபல் முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். "அடையாளம் கிடைச்சிட்டுக்கா" என்றாள் சலோமியின் கையைப் பிடித்து. அவள் கை ஈரமாக இருந்தது. "திங்கட்கிழமையே போயி டீசி வாங்கிருதேன். அவனையும் நீங்களே சேத்துப் படிக்க வைங்க. மாட்டேன்னு சொல்லிராதீங்க." திங்கட்கிழமை. சலோமி அதே கிழமையை வேறு எதற்கோ வைத்திருந்தாள். கிரிக்கெட் கணக்கு முழுக்கத் தலையில் வைத்திருக்கிற பையன், பேப்பரைப் பார்த்துத் தானே வாசித்திருப்பான், யாருடைய வாயையும் பார்த்திருக்க மாட்டான். வேண்டாம் மேபல் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். பாஸ்டரம்மா சிரித்தார். "தாய்ட்ட ஏன் கேக்க? படிக்கிற பிள்ளைட்ட கேளு. யெமி மக்கா, நீயே சொல்லு. பள்ளிக்கூடம் போகாம வீட்டுல அம்மாட்ட படிக்கது நல்லாருக்கா?" எல்லாரும் யெமிமாவைப் பார்த்தார்கள். யெமிமா அம்மாவைப் பார்த்தாள். சலோமி பற்களை இறுக்கி, உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். சொல்லு. நீயே சொல்லு மக்கா, ஒரே ஒரு தடவை, எதுவானாலும். நல்லாருக்குன்னு சொல்லு, நல்லால்லன்னு சொல்லு, தெரியலன்னு சொல்லு, உன் வாயில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லு, நான் கேட்கிறேன். பிள்ளை காத்திருந்தது. புகை சமையலறை வாசலைத் தாண்டி ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது, யாரோ எழுந்து அடுப்பை அணைக்க ஓடினார்கள். பிள்ளையின் உதடு பாதி திறந்து, ஒன்றுமில்லாமல், அப்படியே நின்றது. உள்ளே ஏதாவது இருந்தால் இந்நேரம் வந்திருக்கும் என்று சலோமிக்குப் பட்டது. பாஸ்டரம்மாவின் புருவம் சற்றே ஏறியது. கண்ணில் நீர் முட்டி, அந்தச் சின்ன உதடு நடுங்கத் தொடங்கிய அந்த நொடியில் சலோமியின் உதடு பிரிந்தது. தானாகப் பிரிந்ததா, அவள் பிரித்தாளா, அதை அவளால் பிறகும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றாள் யெமிமா.

பாஸ்டரம்மா கையை உயர்த்தி ஆமென் என்றார். மேபல் சொன்னாள், மற்றவர்கள் சொன்னார்கள், சலோமியும் சொன்னாள். அரை மூச்சு பிந்தி, யெமிமாவும்.